சாய்ந்து நின்ற ஆறு உருளை எஞ்சின்

மோட்டார் காரின் முன்மூடியைத் திறந்து பார்ப்பவருக்கு, வரிசை எஞ்சின் நிமிர்ந்து நிற்பதே பழகிய காட்சியாகும். 1959-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம் வாலியண்ட் என்னும் சிறிய காரை வெளியிட்டபோது, அதன் மூடியைத் திறந்தவர்கள் வேறொரு காட்சியைக் கண்டனர். ஆறு உருளைகளும் ஒரே வரிசையில்தான் அமைந்திருந்தன. ஆனால் அவ்வரிசை முழுவதும் செங்குத்துக் கோட்டிலிருந்து 30 பாகை வலப்புறமாகச் சாய்ந்திருந்தது. இதனால் இந்த எஞ்சினுக்கு 'ஸ்லாண்ட் சிக்ஸ்', அதாவது 'சாய்ந்த ஆறு' என்னும் பெயர் வழங்கலாயிற்று. கார்களில் 1983 வரையிலும், டிரக்குகளில் 1987 வரையிலும் இது பொருத்தப்பட்டு வந்தது. அமெரிக்காவில் மட்டுமன்றி ஆஸ்திரேலியா, அர்ஜென்டினா, ஸ்பெயின் ஆகிய நாடுகளில் உருவான கார்களிலும் இது இடம்பெற்றது. நெடுநாள் உழைக்கும் எஞ்சின் என்று இது பெற்ற பெயருக்குக் காரணங்கள் யாவை, அப்பெயருக்குள் மறைந்துபோன குறைகள் யாவை என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

இதற்கு முன்னர்க் கிறைஸ்லர் நிறுவனம் பயன்படுத்திய ஆறு உருளை எஞ்சின்கள் பக்க வால்வு வகையைச் சேர்ந்தவை. அவ்வகை நம் நாட்டிற்கும் புதியதன்று. பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் கிறைஸ்லருடன் உடன்படிக்கை செய்துகொண்டு வெளியிட்ட டாட்ஜ், பிளிமத் கார்களை அறிந்தவர்கள் அந்த எஞ்சினின் மெல்லிய ஓசையையும் அறிவார்கள். பக்க வால்வு எஞ்சினில் வால்வுகள் உருளைக்குப் பக்கத்தில், தலைகீழாக அமைந்திருக்கும். அமைப்பு எளிது, செலவும் குறைவு. ஆயின் எரியறை பக்கவாட்டில் அகன்றுவிடுவதால் அழுத்த விகிதத்தை உயர்த்த இயலாது. வாயு வளைந்து நெளிந்து உள்ளே செல்ல நேர்வதால் வேகமும் தடைப்படும். 1950-களில் உயர்தரப் பெட்ரோல் பெருகியபின் இந்த அமைப்புக்கு எதிர்காலமில்லை என்பது தெளிவாயிற்று. புதிய எஞ்சினின் வடிவமைப்பில் முதன்மைப் பங்கேற்றவர் வில்லெம் வீர்ட்மன் என்னும் பொறியியலார். அவர் வால்வுகளை உருளைகளுக்கு மேலே, தலைப்பகுதியில் அமைத்தார். அழுத்த விகிதம் 8.5 ஆயிற்று.

ஆறு உருளைகளின் சிறப்பு

ஆறு உருளைகளை ஒரே வரிசையில் வைப்பதில் என்ன நன்மை என்று வாசகர் கேட்கலாம். பிஸ்டன் மேலும் கீழும் ஓடும்போது ஒவ்வொரு முனையிலும் நின்று திரும்புகிறது. அவ்வாறு திரும்பும்போது எழும் விசை எஞ்சினை உலுக்குகிறது. இவ்விசை இருவகைப்பட்டது. கிராங்க் தண்டு ஒரு முறை சுழல்வதற்குள் ஒரு முறை எழுவது முதல் வகை. இரு முறை எழுவது இரண்டாம் வகை. இணைதண்டு சாய்ந்து சாய்ந்து நிமிர்வதால், பிஸ்டன் தன் பாதையின் மேற்பாதியில் விரைவாகவும் கீழ்ப்பாதியில் சற்று மெதுவாகவும் செல்கிறது. இந்த ஏற்றத்தாழ்விலிருந்தே இரண்டாம் வகை விசை பிறக்கிறது. நான்கு உருளை எஞ்சினில் முதல் வகை விசைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆனால் இரண்டாம் வகை விசைகள் நான்கும் ஒரே திசையில் கூடிவிடுகின்றன. நான்கு உருளைக் கார் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் நடுங்குவதற்கு இதுவே காரணம்.

ஆறு உருளை வரிசையில் கிராங்க் தண்டின் மடிப்புகள் 120 பாகை இடைவெளியில் அமைகின்றன. முதலாவதும் ஆறாவதும் ஒன்றாக உயரும். இரண்டாவதும் ஐந்தாவதும், மூன்றாவதும் நான்காவதும் அவ்வாறே. இந்த ஏற்பாட்டில் இருவகை விசைகளும் முற்றிலும் சமன்பட்டுவிடுகின்றன. எஞ்சினை முன்பின்னாக ஆட்டும் இரட்டை விசைகளும் எழுவதில்லை. எரிதல் 1-5-3-6-2-4 என்ற வரிசையில், 120 பாகைக்கு ஒரு முறை நிகழ்கிறது. ஓர் உருளையின் உந்தல் ஓய்வதற்குள் அடுத்த உருளையின் உந்தல் தொடங்கிவிடுவதால், சக்கரங்களுக்குச் செல்லும் முறுக்குவிசை அறுபடாமல் ஓடுகிறது. நடுக்கம் குறைந்த எஞ்சினில் குழாய்களும் கம்பிகளும் திருகாணிகளும் எளிதில் தளர்வதில்லை. வழியில் வண்டி நிற்பதற்குக் கிராங்க் தண்டு முறிவது அரிதினும் அரிதான காரணம். தளர்ந்த மின்கம்பியும் விரிசல் கண்ட குழாயுமே பெரும்பாலான காரணங்கள். ஆகவே நடுக்கமின்மையைச் சொகுசு என்று மட்டும் கருதலாகாது.

இவ்வகையின் குறைபாடு நீளம். நீண்ட தண்டு ஒவ்வோர் உந்தலின்போதும் சற்றே முறுக்கிக்கொண்டு மீளும். இந்த முறுக்கு அதிர்வு எரிதலின் தாளத்தோடு ஒத்துப்போகுமாயின் தண்டு களைத்து முறியக்கூடும். தண்டின் முன்முனையில் ரப்பர் பொதிந்த அதிர்வடக்கும் வளையம் ஒன்றைப் பொருத்துவது இதனால்தான்.

ஏன் சாய்த்தார்கள்?

தாழ்ந்த மூடியுள்ள கார்களே அந்நாளில் விரும்பப்பட்டன. நிமிர்ந்த எஞ்சினை அவற்றின் கீழ் அடக்குவது கடினம். சாய்த்ததால் உயரம் குறைந்தது என்பது கண்ணுக்குத் தெரியும் பயன். இதைக்காட்டிலும் நுட்பமான பயன்கள் இரண்டு உண்டு.

ஒன்று, சாய்வினால் ஒரு பக்கத்தில் கிடைத்த வெற்றிடத்தில் நீரேற்றும் பம்பை அமைக்க முடிந்தது. வழக்கமாக எஞ்சினுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பம்பு பக்கத்திற்கு விலகியதால் மொத்த நீளம் கணிசமாகக் குறைந்தது. ஆறு உருளை வரிசையின் பெருங்குறை நீளமே என்பதை நினைவுகூர்ந்தால் இதன் அருமை விளங்கும்.

மற்றொன்று, மறுபக்கத்தில் திறந்த அகன்ற இடத்தில் உட்செலுத்தும் குழாய்களுக்குத் தாராளமான நீளம் கிடைத்தது. பழைய வரிசை எஞ்சின்களில் ஒரே கார்பரேட்டரிலிருந்து செல்லும் கலவை, நடு உருளைகளுக்கு அருகிலும் ஓர உருளைகளுக்குத் தொலைவிலுமாகச் சென்று சேரும். நடுவிலிருப்பவற்றிற்குச் செறிந்த கலவையும் ஓரத்திலிருப்பவற்றிற்கு நீர்த்த கலவையும் கிடைப்பது அவற்றின் பொதுநோய். இந்த எஞ்சினிலோ ஆறு குழாய்களும் நீண்டு வளைந்து, நீளத்தில் ஏறக்குறைய ஒத்திருந்தன. பங்கீடு முழுமையான சமத்துவம் பெற்றது என்று சொல்வதற்கில்லை; முன்னையதினும் பன்மடங்கு மேலானது என்று சொல்லலாம். நீண்ட குழாயில் ஓடும் காற்று தன் உந்தத்தினால் உருளையை நன்கு நிரப்பும். குறைந்த சுழற்சி வேகத்தில் இழுவை மிகுவதற்கு அது துணையாகிறது. 1960 ஜனவரியில் டேடோனா பந்தயத் திடலில் சிறிய கார்களுக்கென நடைபெற்ற பந்தயத்தில், நீண்ட சிறப்புக் குழாய்களும் பெரிய கார்பரேட்டரும் பொருத்திய வாலியண்ட் கார்கள் முதல் ஏழு இடங்களையும் கைப்பற்றின. சிக்கனத்திற்காகப் பிறந்த எஞ்சினுக்கு அது எதிர்பாராத புகழ்.

நீண்ட குழாய்க்கு விலையும் உண்டு. குளிர்ந்த காலைப் பொழுதில் பெட்ரோல் துளிகள் குழாயின் சுவரிலேயே படிந்துவிடும். இதைத் தவிர்க்க, வெளியேறும் சூடான புகையைக் கார்பரேட்டரின் அடித்தளத்திற்குத் திருப்பிவிடும் கதவு ஒன்று புகைக்குழாயில் உண்டு. அது துருவேறி ஒரே நிலையில் இறுகிவிட்டால் எஞ்சின் குளிரில் திணறித் திணறி நிற்கும். பல உரிமையாளர்கள் கார்பரேட்டரைக் குறைகூறி அதை மாற்றியிருக்கிறார்கள். குற்றவாளி பெரும்பாலும் கீழேயிருந்த இந்தச் சிறிய கதவே.

அளவுகளும் வலிமையும்

எல்லா எஞ்சின்களிலும் உருளையின் விட்டம் 86.4 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடும் தொலைவு மட்டும் வேறுபட்டது. முதல் எஞ்சினில் அது 79.4 மி.மீ.; கொள்ளளவு ஏறத்தாழ 2,790 கன சென்டிமீட்டர், அதாவது 170 கன அங்குலம். பெரியதில் 104.8 மி.மீ.; கொள்ளளவு ஏறத்தாழ 3,680 கன சென்டிமீட்டர், அதாவது 225 கன அங்குலம். பெரும்பாலோர் நினைவில் நிற்பது இப்பெரிய எஞ்சினே. 1970 முதல் 1974 வரை இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட 198 கன அங்குல எஞ்சினும் வெளிவந்தது.

பெரிய எஞ்சின் நிமிடத்திற்கு 4,000 சுழற்சியில் 145 குதிரைத் திறன் தருவதாக அறிவிக்கப்பட்டது. 1972-இல் இதே எஞ்சினுக்கு 110 குதிரைத் திறன் என்று குறிக்கப்பட்டதைக் கண்டு, எஞ்சின் நலிந்துவிட்டது என்று எண்ணியவர்கள் உண்டு. பெரிதும் மாறியது அளக்கும் முறைதான். முன்னர் விசிறி, காற்று வடிகட்டி, ஓசையடக்கி முதலியவை இல்லாமல் வெறும் எஞ்சினைச் சோதனை மேடையில் வைத்து அளந்தார்கள். பின்னர், வண்டியில் உள்ளவாறே எல்லாத் துணைக்கருவிகளையும் பூட்டி அளக்கத் தொடங்கினார்கள். பழைய கார்களின் திறனை இன்றைய கார்களின் திறனோடு ஒப்பிடுவோர் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர்.

இனி இந்த எஞ்சினின் உயிர்நாடியான பகுதிக்கு வருவோம். கிராங்க் தண்டைத் தாங்கும் முதன்மைத் தாங்கிகள் இதில் நான்கே. அடுத்தடுத்த இரு தாங்கிகளுக்கு இடையே இரண்டு உருளைகள் என்ற கணக்கு இது. 1962-இல் செவ்ரொலே நிறுவனம் வெளியிட்ட புதிய ஆறு உருளை எஞ்சினில் ஏழு தாங்கிகள் இருந்தன. எண்ணிக்கையை மட்டும் நோக்கினால் ஏழே சிறந்தது. ஆயினும் தாங்கிகளின் எண்ணிக்கை போலவே அவற்றின் பருமனும் கருதத்தக்கது. இந்த எஞ்சினில் தாங்கியின் மேல் சுழலும் கழுத்தின் விட்டம் 69.85 மி.மீ. அதே நிறுவனம் 425 குதிரைத் திறனுடையதென அறிவித்த 426 ஹெமி என்னும் எட்டு உருளை எஞ்சினுக்கும் கழுத்தின் விட்டம் இதுவே! மூன்று மடங்கு திறனுக்குப் போதுமான பருமன் இந்த எளிய எஞ்சினுக்கு அளிக்கப்பட்டிருந்தது.

பருமனின் பயனை ஒரு சிறு கணக்கினால் அறியலாம். இணைதண்டு பற்றும் ஊசியின் விட்டம் சுமார் 55.5 மி.மீ. இவ்விரு விட்டங்களின் கூட்டுத்தொகையில் பாதி 62.7 மி.மீ. சிறிய எஞ்சினில் ஊசி தண்டின் மையத்திலிருந்து 39.7 மி.மீ. விலகியுள்ளது. எனவே பக்கவாட்டிலிருந்து நோக்கினால் ஊசியும் கழுத்தும் 23 மி.மீ. அளவுக்கு ஒன்றன்மேலொன்று படிந்திருக்கும். பெரிய எஞ்சினில் விலக்கம் 52.4 மி.மீ.; படிவு 10 மி.மீ. அளவே. படிவு மிகுந்த தண்டு வளைவதற்கும் முறுக்குவதற்கும் எளிதில் இடங்கொடாது. சிறிய எஞ்சின் உயர்ந்த வேகத்தையும் மகிழ்ந்து ஏற்றதற்கும், பெரியது நிதானமாக இழுப்பதையே விரும்பியதற்கும் இந்த வேறுபாடும் ஒரு காரணம் எனலாம். தண்டோ வார்க்கப்பட்டதன்று, 1976 வரை அடித்து உருவாக்கிய எஃகினாலானது. அதன் பின்னரே செலவைக் குறைக்க வார்ப்புத் தண்டு புகுத்தப்பட்டது.

எரிதலின் உச்சத்தில் உருளைக்குள் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 40 கிலோகிராம் எனக் கொள்வோம். பிஸ்டனின் பரப்பு 58.6 சதுர சென்டிமீட்டர். ஒவ்வோர் எரிதலிலும் இணைதண்டின் மீது விழும் சுமை 2,300 கிலோகிராமுக்கு மேலாகிறது. இச்சுமையைத் தாங்குவது உலோகமன்று, உலோகங்களுக்கு இடையிலுள்ள மசகெண்ணெயின் மெல்லிய படலமே. தாங்கி அகலமாக இருப்பின் அதே சுமை விரிந்த பரப்பில் பரவும், படலம் கிழியாது. படலம் கிழியாதவரை உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. தொடாத உலோகம் தேய்வதுமில்லை.

பிஸ்டனின் சராசரி வேகத்தையும் காண்போம். பெரிய எஞ்சின் 4,000 சுழற்சியில் ஓடும்போது அது நொடிக்கு 14 மீட்டர். ஆனால் நெடுஞ்சாலையில் 2,000 சுழற்சியில் செல்லும்போது 7 மீட்டர்தான். இத்தகைய எஞ்சினை வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் இந்தத் தாழ்ந்த வேகத்திலேயே வாழ்நாளைக் கழித்தனர். ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு, பழைய முறையில் அளந்தும், 40 குதிரைத் திறனுக்குக் குறைவாகவே பெறப்பட்டது. இதை நீண்ட ஆயுளின் இரகசியம் என்றே சொல்லிவிடலாம். இரகசியம் என்பதற்கு அதில் மாயம் ஏதுமில்லை. நிறைய இரும்பை வைத்துக் குறைவாக வேலை வாங்கினார்கள். அதன் விலை பெட்ரோல் செலவிலும் எடையிலும் செலுத்தப்பட்டது.

எடையைக் குறைக்கவும் ஒரு முயற்சி நடந்தது. உருளைப் பேழையை இரும்பிலும் அலுமினியத்திலும் வார்க்கலாம் என்னும் நோக்குடனேயே வடிவம் வகுக்கப்பட்டிருந்தது. 1961 முதல் 1963-இன் தொடக்கம் வரை அலுமினியப் பேழையுள்ள எஞ்சின்களும் விற்பனைக்கு வந்தன. ஏறத்தாழ 35 கிலோகிராம் எடை மிச்சமாயிற்று. ஆனால் பேழை அலுமினியம், தலை வார்ப்பிரும்பு. சூடேறினால் அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இருமடங்கு விரியும். 60 சென்டிமீட்டர் நீளமுள்ள பரப்பு 70 பாகை செல்சியஸ் சூடேறும்போது இரண்டிற்குமிடையே அரை மில்லிமீட்டர் வேறுபாடு தோன்றும். ஒவ்வொரு பயணத்திலும் இடையிலுள்ள கேஸ்கட் இவ்வாறு இழுபட்டது. மேலும் பேழையின் மேற்புறம் திறந்த அமைப்பாதலால் கேஸ்கட்டுக்கு உறுதியான பிடிமானம் குறைவு. இம்முயற்சி கைவிடப்பட்டதில் வியப்பில்லை. இரும்புப் பேழையே நிலைத்தது.

பராமரிப்பும் பழுதும்

நீடித்து உழைப்பது வேறு, நம்பத்தக்கதாக இருப்பது வேறு. முன்னது எஞ்சின் தேய்ந்து முடிய எத்தனை காலம் ஆகிறது என்பது. பின்னது இன்று காலை அது கிளம்புமா என்பது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது பெருவழக்கு. முன்னதில் இந்த எஞ்சின் முதல் வரிசையைச் சேர்ந்தது. பின்னதில் அதற்குச் சில பலவீனங்கள் இருந்தன.

மின்பொறி அமைப்பில் பாலஸ்ட் எனப்படும் பீங்கான் மின்தடை ஒன்று உண்டு. அது வெடித்துப்போனால், சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்வரை எஞ்சின் ஓடும். சாவியை விட்டவுடன் நின்றுவிடும். அனுபவமுள்ளவர்கள் ஒரு மாற்றுத் தடையைக் காரிலேயே வைத்திருப்பார்கள். புகைக்குழாய் வார்ப்பில் விரிசல் விழுவதும் உண்டு. திருகாணிகளை அளவுக்குமேல் முறுக்குவதால் விரிவதற்கு இடமின்றி அது பிளக்கிறது. மறுபுறம், 1960-ஆம் ஆண்டின் வாலியண்டிலேயே டைனமோவுக்கு மாறாக ஆல்ட்டர்னேட்டர் பொருத்தப்பட்டது ஒரு பெரும் முன்னேற்றம். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதும் அது பாட்டரிக்கு மின்னூட்டம் அளித்தது.

1981-க்கு முற்பட்ட எஞ்சின்களில் வால்வின் இடைவெளியைக் கையால் சரிசெய்ய வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது உட்செலுத்தும் வால்வுக்கு 0.25 மி.மீ., புகை வெளியேற்றும் வால்வுக்கு 0.5 மி.மீ. இடைவெளி விடவேண்டும். புகை வால்வு மிகச் சூடேறி நீள்வதால் அதற்கு இருமடங்கு. இந்த இடைவெளியினால் 'டிக் டிக்' என்ற ஓசை எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும். அதை நோயெனக் கருதி இடைவெளியை நெருக்கியவர்கள் தம் எஞ்சினைத் தாமே கெடுத்துக்கொண்டார்கள். வால்வு தன் இருக்கையில் முழுமையாக அமர்ந்தால்தான் அதன் வெப்பம் இருக்கையின் வழியே இறங்கும். இடைவெளி அற்றுப்போனால் வால்வு அமராது; தீயின் ஓட்டத்தில் அதன் விளிம்பு கரிந்துவிடும். ஓசை கேட்கும்வரை அச்சமில்லை. ஓசை ஓய்ந்துவிட்டால்தான் கவலைப்படவேண்டும்.

இந்தக் கவலை இன்று இருமடங்காகியுள்ளது. பழைய வார்ப்பிரும்புத் தலைகளில் வால்வின் இருக்கைகள் தனியே கடினமாக்கப்படவில்லை. பெட்ரோலில் கலந்திருந்த ஈயச் சேர்மங்கள் எரிந்து இருக்கைகளின்மீது மெல்லிய படிவாகப் படிந்து அவற்றைக் காத்தன. ஈயம் நஞ்சாதலால் அதை நீக்கியது முற்றிலும் சரியே. நம் நாட்டிலும் 2000-ஆம் ஆண்டில் ஈயப் பெட்ரோல் முற்றிலும் நீக்கப்பட்டது. ஆனால் காப்பு நீங்கிய இருக்கை, மிகு வேகத்திலும் மிகு சுமையிலும் சிறிது சிறிதாகத் தேய்ந்து உள்ளிறங்குகிறது. வால்வு மேலேறுகிறது, இடைவெளி தானே சுருங்குகிறது. இது சாய்ந்த எஞ்சினுக்கு மட்டும் உரியதன்று. 1970-களுக்கு முற்பட்ட வார்ப்பிரும்புத் தலையுள்ள எஞ்சின்கள் பலவற்றிற்கும் பொது. நிதானமாக ஓட்டப்படும் வண்டியில் தேய்வு மிக மெதுவானது. தலையைக் கழற்ற நேரும்போது கடின எஃகு வளையங்களைப் பதித்துக்கொள்வது நலம். அதற்காக நன்றாக ஓடும் எஞ்சினைப் பிரிப்பது வீண்வேலை.

எதனால் கலந்த பெட்ரோல் மற்றொரு புதிய சூழ்நிலை. நம் நாட்டில் 2025-இல் இக்கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. எதனாலில் ஆக்சிஜன் உள்ளமையால், அதை எரிக்கக் குறைந்த காற்றே போதும். புதிய கார்களில் ஓர் உணர்கருவி இதை அறிந்து பெட்ரோலின் அளவைக் கூட்டிவிடுகிறது. கார்பரேட்டருக்கு அந்த அறிவு இல்லை. அதன் துளை எந்த அளவினதோ அந்த அளவே பாயும். ஆகவே கலவை நீர்த்துவிடும். நீர்த்த கலவை எஞ்சினைச் சூடேற்றி, முடுக்கும்போது தயங்கச் செய்யும். கார்பரேட்டரின் ஜெட்டைச் சற்றுப் பெரியதாக மாற்றினால் இது சீராகும். மேலும் பழைய ரப்பர்க் குழாய்களும் பெட்ரோல் பம்பின் சவ்வும் எதனாலில் ஊறி மென்மையுறும், அல்லது விறைத்து வெடிக்கும். கசியும் பெட்ரோல் சூடான புகைக்குழாயின்மீது சொட்டினால் தீவிபத்து நேரக்கூடும். இந்த எஞ்சினில் கார்பரேட்டரும் புகைக்குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றன்மேலொன்றாக அமைந்துள்ளன என்பதை அதை வைத்திருப்போர் மறக்கலாகாது. பழைய ரப்பர் உறுப்புகளை எதனாலைத் தாங்கும் புதிய வகைகளாக மாற்றுவதற்கு ஆகும் செலவு சொற்பமே. ஜெட்டை மாற்றுவதற்கு முன்பாகவே இதனைச் செய்துவிடவேண்டும்.